மனம் வாடிய நாளில் அடுப்பில் ஓர் இனிப்பு: வாசகர் கேள்வி பதில்

மனம் சரியில்லாத நாட்களில் வீட்டிலேயே ஓர் இனிப்பைச் செய்து சாப்பிடும் வழக்கத்தைப் பற்றி, வாசகர்கள் பலர் இம்மாதம் எழுதியிருக்கிறார்கள். சிலர் பக்குவம் கேட்டிருக்கிறார்கள். சிலர் அடுப்படியைத் தாண்டிய கேள்விகளையும் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஏழு கடிதங்களுக்கான பதில்கள் இவை.

வாசகி, தஞ்சாவூர்: அலுவலகத்தில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கிய நாட்களில், வீடு திரும்பியதும் ரவா கேசரி கிளறுவது என் வழக்கம். கிளறி முடிக்கும் வரை மனம் இலேசாக இருக்கிறது. ஆனால், இரண்டு கிண்ணம் சாப்பிட்ட பிறகு ஒரே தூக்கமாக வருகிறது; ஏன் சாப்பிட்டோம் என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. இனிப்பு மனநிலையை மாற்றும் என்பது உண்மைதானா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. மனம் இலேசானது கிளறும்போது. கனத்தது சாப்பிட்ட பிறகு. சர்க்கரை உள்ளே போனால் உற்சாகம் பிறக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. அதைச் சோதித்த 31 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,260 பேரின் விவரங்களுடன், ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2019-ஆம் ஆண்டு வெளிவந்தது. சர்க்கரை முதலான மாவுச்சத்துகளால் மனநிலை எந்த நேரத்திலும் மேம்படவில்லை என்றும், சாப்பிட்ட அரை மணி நேரத்திற்குள் சோர்வு கூடியது என்றும், ஒரு மணி நேரத்திற்குள் விழிப்பு மங்கியது என்றும் அது கண்டது. உங்களுக்கு வந்த தூக்கம் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சோகமான திரைக்காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலருக்கு அவரவர் மனத்துக்கு ஆறுதல் தரும் என்று சொன்ன பண்டத்தையே கொடுத்தார்கள். சிலருக்கு வேறு பண்டம். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் எல்லோருடைய மனமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு வாணலியைக் கவிழ்த்துவிட வேண்டாம். செய்வதற்கென்று தனியாக ஒரு பலன் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 658 இளைஞர்கள் 13 நாட்கள் எழுதிய நாட்குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், சமைப்பது, பின்னுவது, பாடுவது என்று தாமாக எதையேனும் படைத்த நாளுக்கு மறுநாள், அவர்களிடம் உற்சாகமும் நிறைவும் கூடியிருந்ததை 2016-இல் எழுதினார்கள். நம் வீட்டு அடுப்படியில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மேலதிகாரி சொன்ன சொல் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்; ரவை தீயாமல் பார்க்க வேண்டிய அந்தப் பத்து நிமிடம், அந்தச் சுற்றை நிறுத்தி, கண்ணையும் கையையும் மூக்கையும் ஒரே இடத்தில் கட்டிப் போடுகிறது. மணத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் ஓர் இடைநிலையத்தைக் கடந்தே செல்கின்றன. மணம் மட்டும், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகச் சென்று தொடுகிறது. நெய்யில் ஏலக்காய் பட்டதும், சின்ன வயதில் பார்த்த யாரோ ஒருவரின் சமையலறை திடீரென்று நினைவுக்கு வருவது அதனால்தான்.

ஆகவே, கேசரியை இன்னும் நிதானமாகச் செய்யுங்கள், அளவைக் குறையுங்கள். அரை கப் ரவை, அரை கப் சர்க்கரை, ஒன்றேகால் கப் தண்ணீர், கால் கப் நெய் போதும். கல்யாணப் பந்தியில் ரவையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று சர்க்கரை கொட்டுவார்கள். அது அன்றைய விருந்துக்கு. பாதி நெய்யை வாணலியில் விட்டு, முந்திரியையும் திராட்சையையும் வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையைச் சிறு தீயில் வறுக்கத் தொடங்குங்கள். முதலில் நெய்யைக் குடித்த ரவை கனத்து, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஐந்தாறு நிமிடத்தில் அது இலேசாகி, அள்ளிக் கொட்டினால் பொலபொலவென்று உதிரும். பச்சை மாவு வாசனை போய், வறுபட்ட மணம் வரும். நிறம் மாறக் காத்திருக்காதீர்கள், மணத்தை நம்புங்கள். பக்கத்து அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை, ஒரு கையால் கிளறியபடியே மறுகையால் ஊற்றினால் கட்டி தட்டாது. ரவை முழுவதும் வெந்து தண்ணீரை இழுத்துக்கொண்ட பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும். ரவை நறுநறுவென்று நின்றுவிடும். சர்க்கரை போட்டதும் கலவை இளகி, மறுபடி இறுகும். மீதி நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, ஓரத்தை விட்டு உருண்டு வரும்போது ஏலக்காய்த் தூளைப் போட்டு இறக்குங்கள். நிறம் வேண்டுமென்றால், வெந்நீரில் ஊறிய நான்கு இழை குங்குமப்பூ போதும்.

இந்த அளவு நான்கு சிறு கிண்ணங்களுக்கு வரும். ஒரு கிண்ணத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு நாளைக்கு அந்த அளவோடு நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஒரு கிண்ணத்தை நீங்கள் உட்கார்ந்து, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள். மற்ற மூன்றும் வீட்டில் உள்ளவர்களுக்கோ அடுத்த வீட்டுக்கோ போகட்டும். உறுத்தல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் இரண்டாவது கிண்ணத்தால் வருவது.

வாசகி, விழுப்புரம்: வெல்லம் சேர்த்துப் பாயசம் வைத்தால் பால் திரிந்துவிடுகிறது. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் நாளில் இதுவும் திரிந்தால் அழுகையே வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, வெல்லத்தில் இருக்கும் இலேசான புளிப்புத் தன்மையும், அதோடு கலந்துவரும் அழுக்கும் சூட்டோடு சேரும்போது பாலின் புரதம் திரண்டுவிடுகிறது. வெல்லத்தைத் தனியாகக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆற வையுங்கள். குழைய வெந்த பருப்போ அரிசியோ அந்தப் பாகில் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து, பாயசம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிக் கலக்குங்கள். அதன்பின் மறுபடி கொதிக்க விடக் கூடாது. மறுநாள் சூடாக்க நேர்ந்தாலும் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்துச் சூடாக்குங்கள். தேங்காய்ப் பால் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

திரிந்ததைக் கொட்டிவிட வேண்டாம். பருப்பு சேருமுன் பாலும் வெல்லமும் மட்டும் திரிந்திருந்தால், அடிகனமான வாணலியில் அதை நீர் வற்றும் வரை கிளறி, இரண்டு கரண்டி நெய்யும் ஏலக்காயும் சேருங்கள்; திரட்டுப்பாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அன்றைய நாளில் ஒன்றாவது தேறியது என்ற திருப்தியும் கிடைக்கும்.

வாசகர், சென்னை பெருங்குடி: வேலைக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மனம் வெறுமையாக இருக்கும்போது செயலியில் ஐஸ்கிரீமோ குலாப் ஜாமூனோ வரவழைத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஓர் இண்டக்ஷன் அடுப்பும் ஒரு தட்டைச் சட்டியும்தான். நானே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: தம்பி, உங்களுக்கு வெல்ல அவல் போதும். கெட்டி அவல் ஒரு கப் எடுத்து, வடிகட்டியில் போட்டுக் குழாய் நீரில் இரண்டு முறை அலசி, நீர் வடிய அப்படியே பத்து நிமிடம் வையுங்கள். ஊற வைக்கத் தேவையில்லை. அந்த ஈரத்திலேயே அவல் மெத்தென்று ஆகிவிடும். விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சோதனை. சட்டியில் ஒரு தேக்கரண்டி நெய்யில் நான்கு முந்திரியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் வாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதே சட்டியில் மூன்று மேசைக்கரண்டி பொடித்த வெல்லத்தையும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரையும் விட்டு, நுரைத்து வரும்போது அவலைக் கொட்டி, இரண்டு நிமிடம் புரட்டி, தேங்காயும் முந்திரியும் ஏலக்காயும் தூவுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் சட்டி சட்டென்று சூடேறும். வெல்லம் கரையும்போது வாட் அளவைக் குறைத்து வைக்காவிட்டால் அடிபிடிக்கும். தேங்காய் துருவ வசதி இல்லையென்றால், கடையில் கிடைக்கும் உலர்ந்த துருவலே போதும்.

வரவழைத்த ஐஸ்கிரீமுக்கும் இதற்கும் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். வித்தியாசம் அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது. செயலியில் விரலை வைத்துவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரமும் வெறுமை உங்களோடுதான் உட்கார்ந்திருக்கும். அலசி, வாட்டி, புரட்டும் நேரத்தில் அதற்கு இடம் குறைவு. ஒரு கப் அவல் இருவருக்குக் காணும் என்பதை நினைவில் வைத்து, பக்கத்து அறைக் கதவையும் தட்டுங்கள். பெருங்குடிப் பக்கத்து விடுதிகளில் இரவு பத்து மணிக்கு விழித்திருக்கும் ஒரே ஆள் நீங்களாக இருக்க முடியாது.

வாசகி, காரைக்குடி: ஐந்து மாதங்களுக்கு முன் என் மாமனார் காலமானார். அதன்பின் அத்தை யாரோடும் அதிகம் பேசுவதில்லை. பால் கொழுக்கட்டை செய்வதில் ஊரிலேயே பெயரெடுத்தவர் அவர். நான் அதைச் செய்து கொடுத்தால் மனம் தேறுவாரா? துக்க வருடத்தில் இனிப்பு செய்வது தவறாகிவிடுமா என்றும் தயங்குகிறேன்.

பதில்: சகோதரி, பண்டிகை கொண்டாடுவதில்லை என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் அந்த ஓராண்டுக்கான கட்டுப்பாடு, சாதாரண நாளில் வீட்டுக்குள் ஒரு கொழுக்கட்டை வைப்பதை எல்லோரும் தவறாகக் கொள்வதில்லை. எனினும் உங்கள் வீட்டு முறையைச் சொல்ல வேண்டியவர் உங்கள் அத்தைதான். அவரிடம் அனுமதி கேட்பதாகவே பேச்சைத் தொடங்குங்கள். "அத்தை, பிள்ளைகள் பால் கொழுக்கட்டை கேட்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா? எனக்கு மாவுப் பதம் சரியாக வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வீர்களா?" என்று கேளுங்கள். செய்து முடித்துக் கிண்ணத்தில் கொண்டுபோய் நீட்டினால், அவர் மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார். அவருடைய கை அதில் பட வேண்டும்.

இந்தப் பலகாரத்தை நீங்கள் நினைத்தது மிகவும் சரி. இதைத் தனியாகச் செய்பவர்கள் குறைவு. சின்னச் சின்ன உருண்டைகளை உருட்ட வீட்டில் நாலு பேர் தட்டைச் சுற்றி உட்கார்வார்கள். முகத்தைப் பார்த்துப் பேச முடியாதவர்கள்கூட, உருட்டும் கையைப் பார்த்துக்கொண்டு பேசிவிடுவார்கள். ஒரு கப் இடியாப்ப மாவில் சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து, நன்றாகக் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். உருட்டினால் விரிசல் விடக் கூடாது. விட்டால் இன்னும் சிறிது வெந்நீர் தெளிக்க வேண்டும். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

ஒரு தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம், மூன்றாம் பால் மூன்று கப் வரும்படி பிழிந்து கொதிக்க விடுங்கள். கொதிக்கும் பாலில் உருண்டைகளை மூன்று தடவையாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் விட வேண்டும். அதுவரை கரண்டியே போடக் கூடாது, போட்டால் கரைந்து கூழாகும். உருண்டைகள் வெந்து மேலே மிதந்த பிறகு, ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து நடுவில் மாவு இல்லை என்று உறுதி செய்துகொண்டே முக்கால் கப் வெல்லத்தின் பாகை வடிகட்டி ஊற்றுங்கள். வெல்லம் சேர்ந்த பின் வேகாத உருண்டை வேகவே வேகாது. அடுப்பை அணைத்து முதல் பாலையும் ஏலக்காயையும் சேர்த்து மூடுங்கள்.

அத்தை நடுவில் அழுதுவிட்டால் பதறவோ, பேச்சை மாற்றவோ வேண்டாம். மாமாவுக்கு இது எப்படிப் பிடிக்கும், இளகலாகவா, கெட்டியாகவா என்று கேளுங்கள். பெயரைச் சொல்லாமலிருப்பதுதான் கண்ணியம் என்று நினைத்து, இறந்தவரைப் பற்றி வீடே மௌனமாகிவிடும்போது, துக்கப்படுபவர் இன்னும் தனிமைப்படுகிறார். அவர் வர மறுத்தால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கலாம்.

பெயர் வேண்டாம், சேலம்: எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. முன்பெல்லாம் மனம் சோர்ந்தால் கேக் செய்வேன், பர்ஃபி செய்வேன். இப்போது அடுப்படிக்குப் போகவே பிடிக்கவில்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. "உனக்குப் பிடித்த இனிப்பைச் செய்து சாப்பிடு, சரியாகிவிடும்" என்கிறார்கள். மூன்று மாதமாக இப்படித்தான் இருக்கிறேன்.

பதில்: தங்கையே, நீங்கள் எழுதியதை மிகவும் கவனமாகப் படித்தேன். ஒரு நாள் வாடிய மனத்துக்குத்தான் இனிப்பு செய்வது உதவும். வழக்கமாக மகிழ்ச்சி தந்தவை எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு வரும் ஓராண்டில் இது பல தாய்மார்களுக்கு வருகிறது. இது சோம்பலோ, நன்றியில்லாத்தனமோ, குழந்தையின் மேல் பாசம் குறைந்ததோ ஆகாது. பேச்சு வழியாகவும், தேவைப்பட்டால் மருந்து வழியாகவும் குணப்படுத்தக் கூடியது. பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. பாலூட்டுவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்பத் தருவார்.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமே முதலில் சொல்லலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். வெளியே கிளம்பவே முடியாத நிலை என்றால், 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிடும் என்றோ எண்ணங்கள் வருமானால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் இன்றே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, இதைச் செய்ய வேண்டும்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். ஐயா, இனிப்பு செய்யச் சொல்வதை நிறுத்திவிட்டு, இரவில் ஒரு வேளைக் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் நீங்களே உடன் செல்லுங்கள். அடுப்படி ஆசை, தங்கையே, உடல்நலத்தோடு தானாகத் திரும்பி வரும். அதுவரை அதைக் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: எனக்கு 12 ஆண்டுகளாக நீரிழிவு. மனம் கனக்கும் மாலைகளில் கருப்பட்டிப் பாயசம் வைத்துக் குடிக்கிறேன். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் நீரிழிவுக்காரர்களுக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: ஐயா, மன்னியுங்கள், அந்த ஆறுதலை உங்களுக்கு நான் தர முடியாது. வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு இருப்பது ஒரே சர்க்கரைதான். கருப்பட்டியில் சிறிதளவு தாதுக்கள் உண்டு என்பதும், மணம் உயர்ந்தது என்பதும் உண்மை. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் அது உங்களுக்குச் சலுகை காட்டாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பேர் இருக்கும் நாட்டில் "கருப்பட்டி நல்லது" என்று கடை வாசலில் எழுதி விற்பது என்னை மிகவும் வருத்துகிறது.

உங்களுக்குத் தேவையானது கருப்பட்டியின் மணமும், மாலையில் கைக்கு ஒரு வேலையும் என்றால், இப்படிச் செய்து பாருங்கள். கால் கப் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் சிவக்க வறுத்துக் குழைய வேகவைத்து, தேங்காய்ப் பால் சிறிதும் சுக்குத்தூளும் ஏலக்காயும் சேர்த்து, வீட்டில் மற்றவர்களுக்குத் தேவையான கருப்பட்டியைப் பிறகு கலக்கும்படியாக முதலில் உங்கள் பங்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டிப் பாகு விட்டால் மணம் வந்துவிடும். வெறும் வயிற்றில் குடிக்காமல் இரவு உணவோடு எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சோற்றையோ இட்லியையோ குறையுங்கள். இந்த அளவும் உங்களுக்குத் தகுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவை அவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

வாசகர், திருவையாறு: எனக்குச் சோகம் குறைவு, கோபம் அதிகம். கோபம் வந்தால் அல்வா கிளறினால் அடங்கிவிடும் என்று என் தங்கை சொல்கிறாள். கோதுமை அல்வாவுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: தங்கை சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் பலகாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிக் கோதுமை அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பாலெடுத்து, அந்தப் பால் தெளிய இரவு முழுக்க வைக்க வேண்டும். கோபம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. மேலும், பாகு பதத்தில் இருக்கும் அல்வா தெறித்தால் கொதிக்கும் தண்ணீரைவிட மோசமாகச் சுடும். தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. கை நடுங்கும் கோபத்தோடு யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் கால் மணி நேரத்தை அடுப்பில்லாத வேலைக்குக் கொடுங்கள்: பருப்பு களைவது, முந்திரி உடைப்பது, ஏலக்காயை உரலில் இடிப்பது.

உங்கள் ஊரிலேயே அசோகா அல்வா இருக்கிறதே, அதையே செய்யுங்கள். அரை கப் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, ஒன்றரை கப் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிட்டு, நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில் அடித்து அடங்கும் நேரத்தில் கோபமும் பாதி இறங்கியிருக்கும். அடிகனமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நெய் விட்டு, கால் கப் கோதுமை மாவைச் சிறு தீயில் சிவக்க வறுத்து, மசித்த பருப்பைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஒரு கப் சர்க்கரையைப் போட்டதும் எல்லாம் நீர்த்து, குமிழியிட்டுத் தெறிக்கத் தொடங்கும்; அந்த நேரத்தில் நீண்ட காம்புள்ள கரண்டியும், மூடிய சட்டைக் கையும் அவசியம். சற்றே இறுகத் தொடங்கியதும் கால் கப் நெய்யை ஒவ்வொரு கரண்டியாக, முன்பு விட்டது உள்ளே போன பிறகே அடுத்தது என்ற கணக்கில், விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டு எல்லா நெய்யையும் ஒரேயடியாக ஊற்றினால் அல்வா ஒரு பக்கமும் நெய் ஒரு பக்கமுமாக நிற்கும். கரண்டியிலிருந்து சரிந்து ஒரே திரளாக விழுந்து, உள்ளே போன நெய் ஓரங்களில் மறுபடி கசிந்து வரும்போது இறக்கி, முந்திரியையும் ஏலக்காயையும் சேருங்கள். அசோகா இளகலாகத்தான் இருக்க வேண்டும். துண்டு போடும் பதம் வரை காத்திருந்தால் ஆறியதும் கட்டியாகிவிடும்.

இந்த அளவு ஆறு பேருக்கு வரும். கோபம் யார் மேலோ, அவரும் அதே வீட்டில் இருப்பவராக இருந்தால், அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். கையில் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லையென்றால் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போகலாம். மறுநாள் வரை வெளியில் வைத்தாலும் கெடாது.